கால்சிட்டோனின் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி? மெடுல்லரி தைராய்டு புற்றுநோயும் கழுத்து நிணநீர்க் கணுக்களும்

ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய் மார்க்கர்களில் பெரும்பாலானவை, நோய் நிணநீர்க் கணுவுக்குப் போயிருக்கிறதா என்ற கேள்விக்கு உருப்படியான பதில் சொல்வதில்லை. மார்பகப் புற்றுநோயில் சி.ஏ. 15-3 எவ்வளவு வந்தாலும், அக்குள் கணுவைப் பற்றி அதை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய ‘சென்டினல்’ கணுவை எடுத்துப் பரிசோதித்துத்தான் சொல்கிறார்கள். இதற்கு விலக்காக நிற்பது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய். இதில் கால்சிட்டோனின் அளவு ஏற ஏற, கழுத்தின் எந்தெந்தப் பகுதிகளுக்கு நோய் போயிருக்கக்கூடும் என்பது படிப்படியாக விரிகிறது. அந்தப் படிகளுக்கு எண்களும் இருக்கின்றன: 20, 50, 200, 500 (எல்லாம் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்ற கணக்கில்).

எண்களை மனப்பாடம் செய்வது சுலபம். அவற்றைத் தப்பான ஆளுக்கு, தப்பான சாம்பிளுக்குப் போட்டுப் பார்ப்பதில்தான் கோளாறு வருகிறது. அதனால் எண்களுக்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஏன் இந்த மார்க்கர் மட்டும்?

தைராய்டு சுரப்பியில் ஹார்மோன் சுரக்கும் செல்களுக்கு இடையே ‘சி’ செல்கள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு. ஒவ்வொரு மடலிலும் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும்தான் இவை அதிகம். கால்சிட்டோனின் இவற்றின் சுரப்பு. மெடுல்லரி புற்றுநோய் இந்தச் செல்களில் பிறக்கிறது, பிறந்த பிறகும் கால்சிட்டோனினைச் சுரந்துகொண்டே இருக்கிறது. கட்டியின் மொத்தச் செல்கள் கூடக்கூட ரத்தத்தில் அளவும் கூடுகிறது. உடம்பில் வேறெந்த உறுப்பும் இதைப் பெரிய அளவில் சுரப்பதில்லை என்பதால் சத்தம் குறைவு, செய்தி தெளிவு.

இந்தப் புற்றுநோய் ரேடியோ அயோடினை உறிஞ்சாது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனுக்கும் கட்டுப்படாது. பாப்பில்லரி தைராய்டு புற்றுநோயில், ஆபரேஷனில் விடுபட்ட சின்னக் கணுக்களைப் பின்னால் அயோடின் கொடுத்து அடிக்கலாம் என்ற தைரியம் ஓரளவு உண்டு. இங்கே அந்த வழி இல்லை. முதல் ஆபரேஷனில் எந்தெந்தக் கணுக்கூட்டத்தை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பாதிக் கதை. அப்படியானால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நடுக்கழுத்தில் கை வைத்தால் ரத்தக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் குரல்நாண் நரம்பும் ஆபத்தில் இருக்கின்றன. கால்சியம் மாத்திரையோடும் கரகரத்த குரலோடும் காலம் முழுக்க இருக்க நேரலாம். பக்கக்கழுத்தில் தோளைத் தூக்கும் நரம்பு இருக்கிறது, இடப்பக்கம் கீழே பெரிய நிணநீர்க் குழாய் இருக்கிறது, அது அறுந்தால் பால் போன்ற திரவம் நாள்கணக்கில் கசியும். தேவையில்லாத பக்கத்தைத் திறக்காமல் இருக்கத்தான் இந்த எண்.

முதல் கேள்வி: இது மெடுல்லரிதானா?

20, 50, 200, 500 என்ற படிகள், மெடுல்லரி புற்றுநோய் என்று உறுதியானவர்களிடம் கண்டறியப்பட்டவை. தைராய்டில் ஒரு கட்டி, கால்சிட்டோனின் 30, அவ்வளவுதான் தெரியும் என்றால் இந்தப் படிகளைத் தொடவே கூடாது. 2007-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு இதற்கு நல்ல அளவுகோல். தைராய்டு கட்டியுள்ள 5,817 பேரிடம் கால்சிட்டோனின் பார்த்தார்கள். 20-க்கும் 50-க்கும் இடையில் வந்தவர்களில் 8.3 சதவீதத்தினருக்கே மெடுல்லரி இருந்தது. 50-க்கும் 100-க்கும் இடையில் 25 சதவீதம். 100-ஐத் தாண்டியவர்கள் அத்தனை பேருக்கும் இருந்தது. அதாவது 100-க்குக் கீழே வரும் எண்ணில் பெரும்பகுதி வேறு காரணங்களால் ஏறியது.

அந்த வேறு காரணங்கள் என்ன? அன்றாடம் அதிகம் தட்டுப்படுவது வயிற்றுக்கான மாத்திரை. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் போடும்போது காஸ்ட்ரின் என்ற வயிற்று ஹார்மோன் ஏறும்; காஸ்ட்ரின் சி செல்லைத் தூண்டும். சிறுநீரகச் செயலிழப்பு, பாராதைராய்டு மிகைச் சுரப்பு, புகைப்பழக்கம் ஆகியவையும் அளவைச் சற்று உயர்த்தலாம். நுரையீரலிலோ கணையத்திலோ வரும், ஹார்மோன் சுரக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் நூற்றுக்கணக்கில்கூடக் கொண்டு போகும். ஆண்களுக்கு சி செல் அதிகம் என்பதால் இயல்பான அளவே பெண்களைவிட உயரம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அளவு பெரியவர்களைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆறு மாதத்துக்குள் 40 வரை, அதன் பிறகு மூன்று வயது வரை 15 வரை இருக்கலாம்.

உறுதி செய்யும் வழி ஊசிப் பரிசோதனை. ஆனால் ஊசியில் எடுத்த செல்லை ஸ்லைடில் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி.யை மட்டும் நம்பினால் மெடுல்லரியில் பாதிக்குச் சற்று மேல்தான் பிடிபடும். செல்கள் பல வேஷம் போடும். சில சமயம் ஹர்த்தில் செல் (வேறொரு வகைத் தைராய்டு செல்), சில சமயம் வெறும் ‘சந்தேகத்துக்குரியது’ என்று ரிப்போர்ட் வரும். அதனால் ஊசியைக் கழுவிய நீரிலேயே கால்சிட்டோனின் பார்க்கச் சொல்ல வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

சாம்பிள் எடுக்கும்போது

கால்சிட்டோனின் 32 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னச் சங்கிலி. அறை வெப்பத்தில் விட்டால் சிதையும். சிதைந்தால் எண் குறையும், எண் குறைந்தால் கட்டிக்கு எதிர்ப்பக்கக் கணுக்கள் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றும். ஆகவே:

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் கால்சியம் மிகுந்த உணவுக்குப் பிறகு, அளவு ஏறும். டியூபை முன்கூட்டியே குளிர்வித்து, எடுத்தவுடன் ஐஸில் வைக்க வேண்டும். ரத்தம் கட்டியானதும் தாமதிக்காமல் குளிர்வசதியுள்ள சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, சீரத்தைப் பிரித்து உடனே உறைய வைக்க வேண்டும். வேறு ஊரிலுள்ள ஆய்வகத்துக்குப் போவதானால் உறைந்த நிலையிலேயே, டிரை ஐஸில் போக வேண்டும். வழியில் உருகி மறுபடி உறைந்த சாம்பிள் வேண்டாம். சிவப்பணுக்கள் உடைந்து சிவந்துபோன, அதாவது ஹீமோலைஸ் ஆன சீரமும் வேண்டாம்.

சிறு ஊர்க் கலெக்‌ஷன் சென்டர்களில் காலையில் எடுத்த டியூபுகளை மதியம் வண்டி வரும்வரை ஒரே ஸ்டாண்டில் வைத்திருப்பது சாதாரணம். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அது பரவாயில்லை, இதற்கு ஆகாது. ‘இந்த டெஸ்ட்டுக்கு சீரத்தை உறைய வைத்து அனுப்புவீர்களா?’ என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். தயங்கினால், மெஷின் இருக்கும் ஆய்வகத்துக்கே நேரில் போய்க் கொடுப்பது நல்லது.

டெஸ்ட் பெயரையும் சரிபாருங்கள். ‘புரோகால்சிட்டோனின்’ என்பது கிருமித்தொற்றுக்குப் பார்ப்பது. பெயர் ஒட்டி வருவதால் பில் போடும் இடத்திலேயே மாறிவிடும். அது நானோகிராமில் வரும். கால்சிட்டோனின் பிகோகிராமில், ஒரு மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்று வரும். வெளிநாட்டு ரிப்போர்ட்டில் பிகோமோல் என்று இருந்தால் 3.42-ஆல் பெருக்கினால் பிகோகிராம் கிடைக்கும். 60 பிகோமோல் என்றால் 205 பிகோகிராம். இதைக் கவனிக்காமல் 60-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் 200 என்ற படி கண்ணில் படாமலே போய்விடும்.

முடி கொட்டுவதற்கென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் நிறையப் பேர். சில மெஷின்களின் வேதியியல் பயோட்டினை வைத்தே இயங்குகிறது. ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் கால்சிட்டோனின் பொய்யாகக் குறைந்து காட்டும். அதிக டோஸ் எடுப்பவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். வயிற்று மாத்திரையை டாக்டரிடம் கேட்டுச் சில வாரங்களுக்கு நிறுத்திப் பார்ப்பது, எண் 100-க்குக் கீழே தடுமாறும்போது பயன்படும். 900 வந்தவருக்கு ஒமெப்ரசோலைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆய்வகத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஸ்கேனில் கட்டி பெரிது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, கால்சிட்டோனின் மட்டும் 40 என்றால், சீரத்தை 10 மடங்கும் 100 மடங்கும் நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும். ஹார்மோன் அளவுக்கு மீறி இருக்கும்போது மெஷினின் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனியே நிரம்பிப்போய், எண் தலைகீழாகக் குறையும். ஹூக் விளைவு என்பது இதுதான். எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு: சிலருடைய ரத்தத்தில் இருந்து டெஸ்ட்டின் ஆன்டிபாடிகளோடு ஒட்டிக்கொள்ளும் ‘ஹெட்டரோஃபில்’ ஆன்டிபாடிகள், இல்லாத கால்சிட்டோனினை இருப்பதாகக் காட்டும். நீர்க்கும் அளவுக்கு ஏற்ப எண் நேராகக் குறையாவிட்டால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். அந்த ஆன்டிபாடிகளைக் கட்டிப்போடும் தடுப்பு டியூபில் போட்டு மறுபடி பார்க்கலாம், அல்லது வேறு கம்பெனி மெஷினில் ஓட்டலாம்.

நான்கு படிகள்

ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் மாகென்ஸும் ஹென்னிங் ட்ராலேயும், ஆபரேஷன் செய்துகொண்ட 300 மெடுல்லரி நோயாளிகளின் கணுக்களைப் பகுதி பகுதியாக நுண்ணோக்கியில் பார்த்து, ஆபரேஷனுக்கு முந்தைய கால்சிட்டோனினோடு ஒப்பிட்டார்கள். 2010-இல் வெளியான அந்தக் கணக்கு இன்றும் எல்லா அறுவை அரங்குகளிலும் பேசப்படுகிறது. இயல்பு அளவின் உச்சி 10 என்று வைத்த கணக்கு இது.

20 வரை: எந்தக் கணுவிலும் நோய் இல்லை.

20-ஐத் தாண்டினால்: கட்டி இருக்கும் பக்கத்து நடுக்கழுத்திலும், அதே பக்கத்துப் பக்கக்கழுத்திலும் இருக்கலாம்.

50-ஐத் தாண்டினால்: எதிர்ப்பக்க நடுக்கழுத்தும் சேரும்.

200-ஐத் தாண்டினால்: எதிர்ப்பக்கப் பக்கக்கழுத்து.

500-ஐத் தாண்டினால்: மார்புக்கூட்டின் மேல்பகுதி, அதாவது மேல் மீடியாஸ்டினம்.

நடுக்கழுத்து என்றால் தைராய்டைச் சுற்றி இரண்டு கரோட்டிட் தமனிகளுக்கு இடையிலான 6-ஆம் நிலை. பக்கக்கழுத்து என்றால் 2 முதல் 5 வரையான நிலைகள்.

இந்த அட்டவணையைப் படிக்கும் திசைதான் முக்கியம். 200-ஐத் தாண்டிய எல்லோருக்கும் எதிர்ப்பக்கப் பக்கக்கழுத்தில் நோய் இருக்கும் என்று இது சொல்லவில்லை. 200 வரை உள்ளவர்களிடம் அந்தப் பகுதியில் காணவில்லை, அதற்கு மேல்தான் தென்படத் தொடங்கியது என்றுதான் சொல்கிறது. ஒவ்வொரு எண்ணும் ஒரு வாசற்படி. படிக்கு இந்தப் பக்கம் இருந்தால் ‘அங்கே போக வேண்டியதில்லை’ என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். படியைத் தாண்டியவருக்கு ‘தேடிப் பார்’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. 210-க்கும் 480-க்கும் ஒரே படிதான். ஆனால் 480-இல் நிகழ்தகவு கூடுதல். பெரும்பாலான குழப்பங்கள், விலக்குவதற்கான எண்ணை உறுதி செய்வதற்கான எண்ணாகப் படிப்பதால் வருகின்றன.

மேல்முனையிலும் ஒரு செய்தி அதே ஆய்வில் உண்டு. இரு பக்கமும் பகுதி பகுதியாக முறையாகக் கணுக்களை எடுத்தபோது, 1,000 வரை இருந்தவர்களில் குறைந்தது பாதிப்பேருக்குக் கால்சிட்டோனின் இயல்புக்குத் திரும்பியது. 10,000-ஐத் தாண்டியவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அந்த நிலையில் ஆபரேஷனின் நோக்கமே மாறுகிறது. மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் காப்பாற்றுவது, வேறு இடங்களில் உள்ள நோய்க்கு மருந்தை யோசிப்பது என்று பேச்சு போக வேண்டும்.

எல்லா மெடுல்லரியும் கால்சிட்டோனினைச் சுரக்கும் என்றும் இல்லை. அபூர்வமாக, கட்டி பெரிதாக இருந்தும் சுரப்பே இல்லாமல் இருக்கும். நீர்க்கச் செய்து ஓட்டியும் எண் ஏறாவிட்டால் இந்தப் படிகளை ஒதுக்கிவிட்டு, ஸ்கேனையும் ஊசியையும் மட்டும் நம்ப வேண்டும்.

கூடவே சி.இ.ஏ.

மெடுல்லரி செல்கள் சி.இ.ஏ. என்ற இன்னொரு புற்றுநோய் மார்க்கரையும் சுரக்கும்; குடல் புற்றுநோயிலும் ஏறுவது இதுதான். இதன் சாம்பிள் அவ்வளவு தொட்டாற்சிணுங்கி இல்லை, சாதாரணமாக அனுப்பலாம். ஆரம்ப நோயில் இது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பதால், ‘சி.இ.ஏ. நார்மல்’ என்பது கணுக்களைப் பற்றி எதையும் சொல்லாது. உயர்ந்தால் பேசும்: 30 நானோகிராமைத் தாண்டினால் கட்டி இருக்கும் பக்கத்துக் கணுக்களில் பரவியிருக்க வாய்ப்பு அதிகம், 100-ஐத் தாண்டினால் எதிர்ப்பக்கக் கணுக்களையும், கல்லீரல், நுரையீரல் போன்ற தொலைவிடங்களையும் நினைக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு 5 வரை போவது சாதாரணம்.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டிய ஒரு சூழல் உண்டு. சி.இ.ஏ. ஏறிக்கொண்டே போகிறது, கால்சிட்டோனின் அப்படியே நிற்கிறது அல்லது இறங்குகிறது என்றால், அது நல்ல செய்தி அல்ல. செல்கள் தங்கள் இயல்பை இழந்து கால்சிட்டோனின் சுரப்பதையே விட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது குடலில் வேறு ஏதோ இருக்கலாம்.

ஸ்கேனும் ஊசியும்

எண் வந்த பிறகு கழுத்து அல்ட்ராசவுண்டை மறுபடி செய்யச் சொல்வது வீண் செலவல்ல. முதல் ஸ்கேன் தைராய்டு கட்டிக்காக எடுத்தது. பக்கக்கழுத்தில் இரண்டு மூன்று படங்களோடு முடித்திருப்பார்கள். இப்போது கேட்க வேண்டியது 2 முதல் 6 வரை ஒவ்வொரு நிலையும், இரண்டு பக்கமும். கணு உருண்டையாக இருக்கிறதா, நடுவிலிருக்கும் கொழுப்பு மையம் மறைந்துவிட்டதா, உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிகின்றனவா, ரத்த ஓட்டம் ஓரத்தில் ஓடுகிறதா என்று எழுதச் சொல்ல வேண்டும். தாடைக்குக் கீழே 2-ஆம் நிலையில் ஒரு சென்டிமீட்டர் கணு தொண்டை வலி வந்து போனவருக்கும் இருக்கும். அளவை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். நடுக்கழுத்தில் அல்ட்ராசவுண்டின் கண் மங்கல். தைராய்டே மேலே மறைத்துக்கொண்டு நிற்பதால், ‘6-ஆம் நிலையில் கணு இல்லை’ என்ற வரியை நம்பி அந்தப் பகுதியை விடக் கூடாது.

சந்தேகமான கணுவில் ஊசி போடும்போது செய்ய வேண்டியது இது. செல்லை ஸ்லைடில் தடவிய பிறகு, அதே ஊசிக்குள் 1 மில்லி நார்மல் சலைனை இழுத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டியூபில் பீச்ச வேண்டும். இரண்டு மூன்று தடவை குத்தினால் எல்லா ஊசிகளையும் அதே 1 மில்லியில் கழுவலாம். ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஊற்றினால் நீர்த்துப்போகும். டியூபின் மேல் ‘கழுவிய நீர், வலது 4-ஆம் நிலை’ என்று எழுதி ஐஸில் அனுப்ப வேண்டும். அதே நாளில் ரத்தச் சாம்பிளும் போக வேண்டும். ஊசியில் கொஞ்சம் ரத்தம் வருவது சகஜம்; ரத்தத்தில் இருப்பதைவிடக் கழுவிய நீரில் பல மடங்கு இருந்தால்தான் அது கணுவின் சொந்தச் சரக்கு. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வெட்டு எண் இதற்குக் கிடையாது. நடைமுறையில் நோயுள்ள கணு ஆயிரக்கணக்கில் காட்டும், இல்லாத கணு ஒற்றை இலக்கத்தில் நிற்கும், குழப்பம் அதிகம் வருவதில்லை. இங்கேயும் ஹூக் விளைவு உண்டு. நீர்க்கச் செய்து ஓட்டும்படி சீட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் படிப்போம்

வலது மடலின் மேல்பகுதியில் 1.8 சென்டிமீட்டர் கட்டி. ஊசிப் பரிசோதனையில் மெடுல்லரி உறுதி. கால்சிட்டோனின் 340, சி.இ.ஏ. 14. அல்ட்ராசவுண்டில் கணு எதுவும் தெரியவில்லை.

340 என்பது 20, 50, 200 மூன்றையும் தாண்டிவிட்டது, 500-ஐத் தாண்டவில்லை. ஆகவே கழுத்தின் நான்கு பகுதிகளிலும் நோய் இருக்கச் சாத்தியம் உண்டு. மீடியாஸ்டினத்தைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். சி.இ.ஏ. 30-க்குக் கீழே இருப்பது இதற்கு முரணாக இல்லை. அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல்படி, தைராய்டு முழுவதையும் நடுக்கழுத்துக் கணுக்களையும் எடுப்பது உறுதி. ஸ்கேனில் தெரியாத பக்கக்கழுத்தை எடுப்பதா என்பதில் அந்தக் குழுவினருக்கே ஒருமித்த கருத்து இல்லை. கால்சிட்டோனினைப் பார்த்து யோசிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். வலது பக்கக்கழுத்தில் நோய் நிச்சயமாகி, இடது பக்கம் ஸ்கேனில் சுத்தமாக இருந்து, எண் 200-க்கு மேல் இருந்தால் இடது பக்கத்தையும் எடுப்பதை யோசிக்க வேண்டும் என்கிறார்கள். இந்த நபருக்கு வலது பக்கமே இன்னும் நிச்சயமாகவில்லை. எங்கள் கணிப்பில், அனுபவமுள்ளவர் கையால் இன்னொரு அல்ட்ராசவுண்ட், பிறகு நடுக்கழுத்தோடு வலது பக்கக்கழுத்து என்பது நியாயமான திட்டம். முதல் நாளே இடது பக்கத்தையும் திறப்பது அவசரம்.

இதே கட்டி, இதே ஸ்கேன், ஆனால் எண் 640 என்றால் ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன் வேறு வேலை இருக்கிறது. 500-ஐத் தாண்டிய எல்லோருக்கும் கழுத்துக்கும் மார்புக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி., கல்லீரலுக்கு மூன்று கட்ட சி.டி. அல்லது கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ., எலும்புக்கு முதுகுத்தண்டு-இடுப்பு எம்.ஆர்.ஐ.யும் போன் ஸ்கேனும் செய்யச் சொல்கிறது அதே வழிகாட்டுதல். பெட் ஸ்கேன் ஒன்று எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. மெடுல்லரி மெதுவாக வளர்வதால், பெட் ஸ்கேனுக்காக ஏற்றும் சர்க்கரையை அவ்வளவாக உறிஞ்சாது. கல்லீரலில் மணல்போலத் தூவிய புள்ளிகள் பெட்டில் தெரியாமலே போகும்.

எண் எதுவாக இருந்தாலும் கத்தி வைப்பதற்கு முன் தவிர்க்கக் கூடாத மூன்று டெஸ்ட்டுகள்: பரம்பரை மெடுல்லரிக்குக் காரணமான ரெட் (RET) மரபணு, ரத்தத்தில் அல்லது 24 மணிநேரச் சிறுநீரில் மெட்டாநெஃப்ரின் (அட்ரீனல் ஹார்மோன் சிதைந்து வருவது), ரத்தக் கால்சியம். மெடுல்லரியில் கால்வாசிப் பேருக்கு இது பரம்பரை நோய். அவர்களில் சிலருக்கு அட்ரீனலில் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டி ஒளிந்திருக்கும். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு எகிறும். அது இருந்தால் அட்ரீனல் ஆபரேஷன் முதலில், கழுத்து பிறகு. ரெட் மாற்றம் இருந்தால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு அதே எண்

மறுவாரமே கால்சிட்டோனின் பார்த்து, ‘இன்னும் 60 இருக்கிறதே’ என்று கலங்குகிறவர்கள் உண்டு. சிலருக்கு இது மெதுவாகத்தான் இறங்கும். முதல் பரிசோதனை மூன்று மாதம் கழித்து. இயல்பில் இருந்தால் ஓராண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. தைராய்டு மாத்திரை டி.எஸ்.எச். இயல்பில் இருக்கும் அளவுக்குப் போதும். பாப்பில்லரிக்குப் போல அதை அமுக்கி வைப்பதில் இங்கே எந்த லாபமும் இல்லை, நெஞ்சுப் படபடப்புதான் மிச்சம்.

மூன்று மாதத்தில் இயல்புக்கு மேலே, ஆனால் 150-க்குள் இருந்தால் மீதி நோய் பெரும்பாலும் கழுத்துக் கணுவில்தான் இருக்கும்; கழுத்து அல்ட்ராசவுண்ட் போதும். 150-ஐத் தாண்டினால் உடம்பு முழுக்கத் தேட வேண்டும்.

அதற்குப் பிறகு ஒற்றை எண்ணைவிட, எண் இரட்டிப்பாக எவ்வளவு காலம் எடுக்கிறது என்பதே பெரிது. கணக்கு: இரண்டு சாம்பிளுக்கு இடைப்பட்ட மாதங்களை 0.301-ஆல் பெருக்கி, புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்து வருவதன் மடக்கையால் வகுக்க வேண்டும். 180 இருந்தது 14 மாதத்தில் 270 ஆனது என்றால் விகிதம் 1.5, அதன் மடக்கை 0.176, இரட்டிப்புக் காலம் ஏறக்குறைய 24 மாதம். போனில் உள்ள கால்குலேட்டரைப் படுக்க வைத்தால் மடக்கை (log) பட்டன் தெரியும். 2005-இல் வெளியான, 65 பேரைத் தொடர்ந்த பிரெஞ்சு ஆய்வில், 24 மாதத்துக்கு மேல் எடுத்தவர்கள் ஆய்வு முடியும்வரை எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். 6 முதல் 24 மாதம் என்றால் பத்தாண்டு தாண்டியவர்கள் 37 சதவீதம். 6 மாதத்துக்குள் இரட்டித்தவர்களில் 8 சதவீதம்.

இரண்டு புள்ளிகளை வைத்து இந்தக் கணக்கைப் போட்டு முடிவெடுக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகளில் குறைந்தது நான்கு அளவுகளாவது வேண்டும். எல்லாம் ஒரே ஆய்வகத்தில், ஒரே மெஷினில், வெறும் வயிற்றில் எடுத்ததாக இருக்க வேண்டும். நடுவில் ஆய்வகம் மாறினால், ஒரே நாளில் எடுத்த ரத்தத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு மாறுங்கள். ஒரு மெஷினில் 180 வரும் சீரம் இன்னொன்றில் 230 காட்டலாம். நோய் அசையாமல் இருக்கும், காகிதத்தில் மட்டும் வளர்ந்திருக்கும்.

வேறு புற்றுநோய்க்கு இந்தக் கணக்கு?

இதற்கு அருகில் வருவது புராஸ்டேட் மட்டும்தான். 1994-இல் மாக் ரோச் என்ற டாக்டர் சொன்ன சூத்திரம்: புராஸ்டேட்டின் ரத்த மார்க்கரான பி.எஸ்.ஏ.-வில் மூன்றில் இரண்டு பங்கோடு, பையாப்சியில் கட்டியின் வீரியத்துக்குக் கொடுக்கும் கிளீசன் எண்ணில் ஆறைக் கழித்துப் பத்தால் பெருக்கியதைக் கூட்டினால், இடுப்புக் கணுவில் நோய் இருக்கும் சதவீதம் வரும். பி.எஸ்.ஏ. 12, கிளீசன் 7 என்றால் 8-உம் 10-உம் சேர்ந்து 18 சதவீதம். பையாப்சி ரிப்போர்ட்டும் கூட இருந்தால்தான் இது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள், பி.எஸ்.ஏ. தனியாக எதையும் சொல்லவில்லை. பழைய காலத்து நோயாளிகளை வைத்து உருவானதால் இன்றைக்கு இது மிகையாகக் காட்டுகிறது. பிரிகான்டி நோமோகிராம் என்ற புதிய கணிப்பு முறையும், புராஸ்டேட் செல்லைக் குறிவைக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனும் இருக்கும் இடத்தில் இதைத் தோராயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பாப்பில்லரி தைராய்டு புற்றுநோயில் ஆபரேஷனுக்கு முன் தைரோகுளோபுலின் என்ற தைராய்டு புரதத்தைப் பார்த்துக் கணுவைக் கணிக்க முயல வேண்டாம். நல்ல தைராய்டே அதைக் கொட்டோ கொட்டென்று சுரந்துகொண்டிருக்கும். சந்தேகமான கணுவில் ஊசி போட்டுக் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் பார்ப்பது மட்டும் அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. முறை மேலே சொன்ன அதே 1 மில்லி சலைன்தான். மில்லிக்கு 1 நானோகிராமுக்குக் கீழே என்றால் நிம்மதி, 10-க்கு மேல் என்றால் நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம், இடையில் நின்றால் ஸ்லைடோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.